தேர்தலுக்குப் பறிக்கத் தெரிந்த துப்பாக்கியைச் சேரிக்காகப் பறிக்கத் தெரியாதா?

“அண்ணா, லைசென்ஸ் துப்பாக்கி வாங்கணும்னா என்ன பண்ணணும்?”

ஓசூரில் ஒரு டீக்கடை வாசலில், முதல் ஷிப்ட் முடிந்து வந்த தம்பி ஒருவன் இப்படிக் கேட்டான். வயது 27. சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. அருந்ததியர். ஆதிக்கச் சாதிப் பெண் ஒருவரைக் காதலித்துப் பதிவுத் திருமணம் செய்து எட்டு மாதம் ஆகிறது. வாடகை வீடு, இரண்டு பேருக்கும் வேலை. வாரம் ஒருமுறை புதுப்புது எண்ணிலிருந்து போன் வருகிறது. எதிர்முனையில் பேசுபவர்கள் அதிகம் பேசுவதில்லை. “எந்த பஸ்ல வரேன்னு தெரியும்” என்பதோடு வைத்துவிடுகிறார்கள்.

நான் சிரித்துவிட்டேன். சினிமா பார்த்துக் கெட்டுப்போயிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை. “சூடகொண்டப்பள்ளி ஜோடியும் ஓசூர்லதான் வாடகைக்கு இருந்தாங்க, அண்ணா” என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 2018 நவம்பரை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. ஓசூரை அடுத்த சூடகொண்டப்பள்ளியைச் சேர்ந்த இணையர், சாதி மறுத்து மணம் செய்துகொண்டு ஓசூர் நகரத்தில் வாழ்ந்தவர்கள், கடத்தப்பட்டார்கள். கைகால் கட்டப்பட்ட அவர்களுடைய உடல்கள் மாநில எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தின் சிவனசமுத்திரம் அருகே காவிரியில் மிதந்தன. அந்த இளைஞர் அணிந்திருந்த சட்டையில் அம்பேத்கர் படமும் ஊர்ப்பெயரும் இருந்ததால்தான் அவர் யார் என்றே தெரிந்தது. சாதி ஆணவக் கொலைகளைத் தடுக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்று சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது அதே 2018ஆம் ஆண்டு மார்ச் 27 அன்று. இடையில் எட்டு மாதம்கூட ஆகவில்லை.

துப்பாக்கி என்றதும் ஓசூர்க்காரர்களுக்கு இன்னொரு சம்பவமும் நினைவுக்கு வரும். 2021 ஜனவரி 22. பாகலூர் சாலையில் ஒரு நகைக்கடன் நிறுவனத்தில் துப்பாக்கி முனையில் 25 கிலோ தங்கம் கொள்ளை போனது. மறுநாளே ஐதராபாத் அருகே கும்பல் பிடிபட்டது. தங்கப் பெட்டிக்குள் ஜி.பி.எஸ். கருவி இருந்தது, எல்லை தாண்டி ஒவ்வொரு மாநிலக் காவல்துறையும் விழித்துக்கொண்டது. பாராட்ட வேண்டிய வேலைதான். ஆனால் இதே ஓசூரிலிருந்து, இதே எல்லை தாண்டி, இரண்டு உயிர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்களை வழியில் எந்தச் சோதனைச் சாவடியும் நிறுத்தவில்லை. தங்கத்துக்கு இருக்கிற ஜி.பி.எஸ். மனிதர்களுக்கு இல்லை. அவர்களுக்கு இருந்தது ஒரு டி-சர்ட்.

ஆகவே தம்பியின் கேள்வியை எடுத்துக்கொண்டு சட்டத்தைப் படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, அவன் கேட்டது சினிமாத்தனமான கேள்வியே அல்ல என்று. அவன் கேட்பதற்கு 30 ஆண்டுகள் முன்பே அரசு அதை எழுதி வைத்திருக்கிறது.

பட்டியல் சாதிகள், பட்டியல் பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அதன் விதிகள் 1995இல் வந்தன. அவற்றில் விதி 3, முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளைப் பற்றியது. வன்கொடுமை நடக்கக்கூடும் என்றோ மீண்டும் நடக்கும் என்றோ அஞ்சத்தக்க பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். அடுத்து வருவதைக் கவனமாகப் படியுங்கள். அந்தப் பகுதியில் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவர்களின் ஆயுத உரிமங்களை, தேவை எனக் கருதினால், ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்க வேண்டும். அவர்களுடைய உரிமங்கள் மட்டுமல்ல, அவர்களுடைய நெருங்கிய உறவினர்கள், வேலைக்காரர்கள், குடும்ப நண்பர்களின் உரிமங்களும். துப்பாக்கி யார் பெயரில் இருக்கும், யார் கையில் இருக்கும் என்பதெல்லாம் இந்த விதியை எழுதியவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அதற்கடுத்து, கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அதற்கும் அடுத்த ஐந்தாவது உட்பிரிவு: உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு அளிக்கும் பொருட்டு, தேவை எனக் கருதினால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்க வேண்டும்.

ஏதோ ஒரு புரட்சிக் குழுவின் துண்டறிக்கையில் வந்த வாசகம் அல்ல இது. இந்திய அரசின் அரசிதழில் வெளியான விதி. இதை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? பத்தாண்டுக்கு மேல் இயக்கத்தில் இருக்கிறேன், எனக்கே அந்த டீக்கடைக்குப் பிறகுதான் தெரியும். வெட்கமாகத்தான் இருந்தது.

பிறகு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைப் புரட்டினேன். உரிமம் வழங்கும் அதிகாரி மாவட்ட ஆட்சியர். மாநகரக் காவல் ஆணையரகம் உள்ள ஊர்களில் ஆணையர். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். காவல் நிலையத்திலிருந்து அறிக்கை வாங்க வேண்டும். பயிற்சிச் சான்றும் வேண்டும். கைத்துப்பாக்கியைப் பொது இடத்தில் கொண்டுபோனால் உறையில், வெளியே தெரியாமல் மூடி வைத்திருக்க வேண்டும். இவையெல்லாம் நியாயமான கட்டுப்பாடுகள். 14ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவுக்கு வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். விண்ணப்பித்தவருக்குப் போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், கேட்டால் விண்ணப்பதாரருக்குத் தர வேண்டும் என்கிறது அடுத்த உட்பிரிவு. மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு.

விண்ணப்பப் படிவத்தை நிரப்பினோம். சாதி கேட்கும் கட்டம் அதில் எங்கும் இல்லை. சிறப்புப் பரிசீலனைக்கு ஏதேனும் காரணம் உண்டா என்று கேட்ட இடத்தில் வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் மூன்றாம் விதியைக் குறிப்பிட்டு, வந்த மிரட்டல் அழைப்புகளின் நாள், நேரம் எல்லாவற்றையும் எழுதினோம். கையில் எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. எந்த அலுவலகத்துக்குப் போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்பது என் நம்பிக்கை.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் தாளை வாங்கிப் பார்த்தார். தம்பியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். “சொந்தமா நிலம் இருக்கா? இன்கம்டாக்ஸ் கட்றியா? ரியல் எஸ்டேட் பண்றியா?” எல்லாவற்றுக்கும் இல்லை. “அப்புறம் எதுக்குப்பா உனக்குத் துப்பாக்கி?” உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்றான் தம்பி. அவர் கோபப்படவில்லை. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அக்கறையோடு ஒரு யோசனை சொன்னார்: “கொஞ்ச நாள் பெங்களூர் பக்கம் போய் இருங்களேன்.”

சொத்து இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அலுவலகத்தில் கேட்கப்பட்ட முதல் கேள்வியே சொத்து. பாதுகாக்கத் தகுந்தது நிலமும் நகையும்தான், உயிர் என்பது அதை வைத்திருப்பவரின் சொந்தப் பொறுப்பு என்று அந்த மேசைக்கு யாரோ பாடம் நடத்தியிருக்கிறார்கள். நகைக்கடன் நிறுவன வாசலில் துப்பாக்கியோடு காவலாளி நிற்கிறார். ஏ.டி.எம். பணம் துப்பாக்கிப் பாதுகாப்போடு போகிறது. வட்டாரத்தில் நாலு லே-அவுட் போட்டவர் இடுப்பில் கைத்துப்பாக்கி இருப்பதாகப் பேச்சு அடிபட்டால், யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. அது அவருடைய அந்தஸ்து.

அங்கிருந்து காவல் நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே படிவத்தை யாரும் படிக்கவில்லை. படிவத்தில் இல்லாத கேள்வியைத்தான் முதலில் கேட்டார்கள். “நீ என்ன ஆளுங்க? பொண்ணு என்ன ஆளுங்க?” சொன்னான். “பொண்ணு வீட்டு நம்பர் சொல்லு.” எதற்கு என்று நான் கேட்டேன். “விசாரிக்க வேணாமா?” என்று எங்கள் கண் முன்னாலேயே அந்த எண்ணுக்குப் போன் போட்டார் ஒருவர். மிரட்டுகிறவர்களிடம், மிரட்டப்பட்டவன் எந்த ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்லிவிட்டுத்தான் விசாரணை ஆரம்பமாகிறது. அன்றைக்குத் தம்பியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க நாங்கள் ஆறு பேர், மூன்று வண்டிகளில் போனோம்.

இது ஒரு எழுத்தரின் குணக்கேடோ ஒரு ஏட்டின் கெட்ட புத்தியோ அல்ல. இந்த நாட்டில் ஆயுதத்துக்கு எப்போதும் சாதி உண்டு.

இந்தியச் சமூகத்தில் கீழே வைக்கப்பட்டவர்கள் ஏன் கிளர்ந்தெழவில்லை என்ற கேள்விக்கு, 1936இல் ‘சாதியை அழித்தொழித்தல்’ உரையில் அம்பேத்கர் பதில் தேடுகிறார். நால்வருண ஏற்பாடு அவர்களிடமிருந்து ஆயுதத்தையும் கல்வியையும் ஒருசேரப் பறித்து வைத்திருந்தது என்பது அவர் வாதம். நாம் கல்வியைப் பற்றிய பாதியை நினைவில் வைத்துக்கொண்டோம். மற்ற பாதியை மரியாதையாக மடித்து வைத்துவிட்டோம். அவர் அதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. அவருடைய தந்தை ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். ‘போர்க்குடிகள்’ என்றொரு கோட்பாட்டை வெள்ளையர்கள் கொண்டுவந்து, மகர்கள் படையில் சேரும் வழியை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அடைத்தார்கள். அந்தக் கதவு மறுபடி முழுதாகத் திறந்து மகர் படைப்பிரிவு உருவானது 1941இல். அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் முதன்மையானவர் அம்பேத்கர்.

வெள்ளையர் ஆட்சி 1878இல், லிட்டன் காலத்தில், ஓர் ஆயுதச் சட்டம் போட்டது. இந்தியர்கள் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, ஐரோப்பியர்களுக்கு விலக்கு. பிறப்பைப் பார்த்து விலக்கு தரும் அந்த வழக்கம் வெள்ளையரோடு போய்விட்டது என்று நினைத்தால், ஜூஜூவாடி தாண்டி கர்நாடகத்துக்குள் மைசூர் வழியாகக் குடகு வரை போய்ப் பாருங்கள். குடகு இனத்தவர் என்ற பிறப்போ, ஜம்மா நில உரிமையோ இருந்தால் துப்பாக்கிக்கு உரிமம் எடுக்கத் தேவையில்லை. காலனிக் காலத்துச் சலுகை அது. 2019இல் ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் செல்லும் என்றது. குடகு மக்கள் மீது எனக்கு ஒரு விரோதமும் இல்லை. கேள்வி அரசைப் பார்த்துத்தான். பிறப்பையும் நிலத்தையும் காரணம் காட்டித் துப்பாக்கிக்கு விலக்குத் தர முடிகிற உங்களுக்கு, பிறப்பின் காரணமாகக் கொல்லப்படுகிறவன் விண்ணப்பத்தைப் படித்துப் பார்க்கக்கூட ஏன் முடியவில்லை?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடிமக்கள் கையில் ஆயுதம் கொடுப்பது அரசின் வேலை இல்லை, பாதுகாப்பது காவல்துறையின் கடமை என்று உபதேசிக்கிறவர்கள், 2025 மே மாதம் அசாம் அமைச்சரவை எடுத்த முடிவைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? எல்லையோர மாவட்டங்களிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் சில மாவட்டங்களிலும் ‘பூர்வகுடி’ மக்களுக்கு ஆயுத உரிமம் தருவோம் என்று அந்த அரசு அறிவித்தது. பெரும்பான்மைவாத அரசியலுக்குத் தேவைப்பட்டால் துப்பாக்கி தற்காப்பு. சேரிக்காரன் கேட்டால் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை.

அமெரிக்காவில் மறைத்து எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கிக்கு அனுமதி கொடுப்பவர் பல மாநிலங்களில் உள்ளூர் ஷெரீப். நம் மெட்ராஸில் முன்பு இருந்த அலங்காரப் பதவி அல்ல. மாவட்டக் காவல் அதிகாரம் உள்ள, பெரும்பாலும் தேர்தலில் ஜெயித்து வருகிற ஆள். 1956 ஜனவரி 30 அன்று அலபாமாவின் மான்ட்கமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. மனைவியும் கைக்குழந்தையும் வீட்டுக்குள் இருந்தார்கள். அதற்குப் பிறகு கிங் துப்பாக்கி அனுமதிக்கு விண்ணப்பித்தார். ஆம், அகிம்சையின் அடையாளமாக நாம் கும்பிடுகிற அதே கிங். உயிருக்கு அஞ்சத் தக்க காரணம் உள்ள, தகுதியான ஆளுக்கு அனுமதி தரலாம் என்றிருந்தது அலபாமா சட்டம். அந்த ஆண்டு அந்த ஊரில் அவரைவிட அதிக ஆபத்தில் இருந்தவர் யார்? மறுத்துவிட்டார்கள். ‘தகுதியான ஆள்’ என்ற சொல்லுக்குள் நிறம் ஒளிந்திருந்தது. நம்முடைய ‘தேவை எனக் கருதினால்’ என்ற சொல்லுக்குள் சாதி ஒளிந்திருப்பதைப் போல.

கிங் பிறகு தன் வீட்டிலிருந்த துப்பாக்கிகளையும் விட்டுவிட்டார். அது அவர் எடுத்த முடிவு. அனுமதியை மறுத்தவர்கள் அவருக்கு அகிம்சை போதிக்கவில்லை, அதை மனத்தில் வையுங்கள்.

அதே நாட்டின் இன்னொரு கதையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது என் வாதத்துக்கு எதிராகவே போகும். பிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பின இளைஞர், மினசோட்டா மாநிலத்தில் ஒரு பள்ளியின் உணவுக்கூடத்தில் வேலை பார்த்தவர். ஷெரீப் அலுவலகத்தில் முறையாக அனுமதி பெற்றுத் துப்பாக்கி வைத்திருந்தார். 2016 ஜூலையில் போலீஸ் அவர் காரை நிறுத்தியது. என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனிதராக முன்கூட்டியே சொன்னார். சில நொடிகளில் சுட்டுக் கொன்றார்கள். காரில் அவருடைய துணைவியும் நான்கு வயதுக் குழந்தையும் இருந்தார்கள். சுட்ட காவலர் 2017இல் விடுதலையானார். உரிமத் தாள் வெள்ளையன் பையில் இருக்கும்போது உரிமம். கறுப்பன் பையில் இருக்கும்போது அதுவே குற்றத்துக்கான ஆதாரம்.

தோழர்கள் எழுப்பும் ஆட்சேபமும் இதேதான். ‘நாளைக்கு அவன் கையில் துப்பாக்கி இருந்தால், அதைக் காட்டியே அவனை ரவுடிப் பட்டியலில் ஏற்றுவார்கள்.’ உண்மை. அரிவாள் ஏந்திக்கொண்டு சாதிப் பாட்டுக்கு ஆடும் ஆதிக்கச் சாதிப் பையனின் ரீல்ஸுக்கு லட்சம் லைக் விழும். சேரிப் பையன் புல்லட்டில் உட்கார்ந்து மீசையை முறுக்கினாலே வழக்கு வரும். இந்த ஊரில் பிலாண்டோ காஸ்டில் ஆவதற்குத் துப்பாக்கிகூடத் தேவையில்லை.

அடுத்த ஆட்சேபம் இன்னும் கனமானது. ஆணவக் கொலைகள் நேருக்கு நேர் நின்று நடக்கும் சண்டைகள் அல்ல. 2023 ஏப்ரலில் ஊத்தங்கரை அருகே அருணபதியில் தலித் பெண்ணை மணந்த மகனையும், தடுக்க வந்த தன் தாயையும் வெட்டிக் கொன்றவர் அந்த மகனின் தந்தை. அந்தப் பெண்ணும் வெட்டுப்பட்டார். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஐ.டி. ஊழியரான தலித் இளைஞர் பட்டப்பகலில் வெட்டப்பட்டார். கைதானவரின் பெற்றோர் இருவரும் காவல்துறை உதவி ஆய்வாளர்கள். வீட்டுக்குள் தூங்கும்போது, பேச வா என்று கூப்பிட்டு, பின்னாலிருந்து வருகிற அரிவாளை இடுப்பில் இருக்கும் எந்தத் துப்பாக்கி தடுக்கும்? கைத்துப்பாக்கியின் விலையே லட்ச ரூபாய் அளவில் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியின் பல மாதச் சம்பளம் அது.

இவை எல்லாவற்றையும் ஒரு இரவு தம்பியின் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஆண்கள் நாலைந்து பேர் துப்பாக்கியைப் பற்றி ரொம்ப அறிவோடு பேசிக்கொண்டிருந்தோம் என்பதுதான் சரி. டீ கொண்டுவந்து வைத்த அவனுடைய இணையர், அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“எங்க பெரியப்பா வீட்ல ஒண்ணு இருக்குது, அண்ணா. பன்னி வருது, யானை வருதுன்னு லைசென்ஸ் போட்டு வாங்குனது. சின்ன வயசுலேருந்து பாத்திருக்கேன். நான் லவ் பண்றது தெரிஞ்ச அன்னிக்கு அதை எடுத்துத் துடைச்சி நடு வீட்ல வெச்சார். ஒண்ணும் பேசல. துடைச்சி வெச்சார், அவ்ளோதான். நான் அந்த வீட்லேருந்துதான் ஓடி வந்தேன். எனக்கு இங்க ஒண்ணு வேணாம். அங்க இருக்கறதை வாங்கி ஸ்டேஷன்ல வெக்கச் சொல்லுங்க, போதும்.”

இவ்வளவு படித்தும் எங்களுக்குத் தோன்றாதது அது. நாங்கள் ஐந்தாவது உட்பிரிவைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அவர் மூன்றாவது உட்பிரிவைக் கேட்டார். நம் கைக்கு ஒன்று கொடு என்பதற்கு முன்னால், அவர்கள் கையில் இருப்பதை எடு.

இந்த மாவட்டத்தில் துப்பாக்கி ஒன்றும் அபூர்வமான பொருள் அல்ல. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி வட்டாரக் காட்டோர ஊர்களில் நாட்டுத் துப்பாக்கி நெடுங்காலமாகப் புழங்குகிறது. உரிமம் இல்லாதவற்றை ஒப்படைத்துவிடுங்கள், வழக்குப் போட மாட்டோம் என்று காவல்துறை அவ்வப்போது தண்டோரா போடும். இரவோடு இரவாகப் பொது இடத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். அப்படிப் போடாதவை எத்தனையோ. 2012 ஜூலையில் பெரியார் திராவிடர் கழகச் செயல்பாட்டாளர் பழனி இந்த மாவட்டத்தில் கொல்லப்பட்டபோது, முதலில் சுட்டுவிட்டுத்தான் வெட்டினார்கள். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தியவர்களும் துப்பாக்கியோடு வந்தவர்கள்தான். சுட்டதால்தான் மக்கள் ஓடிப்போய் அந்த ஒற்றைக் குடிசைக்குள் ஒளிந்தார்கள். கொல்வது அரிவாளோ நெருப்போ, யார் எங்கே ஓட வேண்டும் என்று முடிவு செய்வது பல நேரம் துப்பாக்கிதான். நடு வீட்டில் துடைத்து வைத்தாலே போதும்.

அதை வாங்கி வைப்பது நடைமுறையில் சாத்தியமா என்று கேட்பீர்கள். ஐந்து ஆண்டுக்கு இரண்டு முறையாவது அது நடக்கிறது. சட்டமன்றத் தேர்தலோ நாடாளுமன்றத் தேர்தலோ அறிவித்ததும், உரிமம் பெற்ற துப்பாக்கிகளை அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி ஆட்சியர் அறிவிப்பு வரும். பெரிய மனிதர், சின்ன மனிதர் எல்லாரும் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு ரசீது வாங்கிப் போவார்கள். வாக்குப்பதிவு, எண்ணிக்கை எல்லாம் முடிந்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்வார்கள். யாருடைய மானமும் அதனால் போய்விடுவதில்லை. வங்கிகளுக்கும் வேறு சிலருக்கும் விலக்கு வேண்டுமென்றால் அதைப் பரிசீலிக்க ஒரு குழுவும் உண்டு. இப்போது உரிமம் ஒவ்வொன்றுக்கும் அடையாள எண் இருக்கிறது, தேசியத் தரவுத்தளம் இருக்கிறது. எந்த ஊரில், எந்தத் தெருவில், எந்த வீட்டில் எத்தனை துப்பாக்கி என்று மாவட்ட நிர்வாகம் கணினியைத் தட்டினால் வந்துவிடும்.

ஆக, வாக்குப்பெட்டிக்கு ஆபத்து வரக்கூடும் என்று அஞ்சினால் மாவட்டம் முழுதும் துப்பாக்கியை வாங்கிவிட முடிகிறது. ஒரு தெருவுக்கு ஆபத்து வரும் என்று எழுதிக் கொடுத்தால், அந்தத் தெருவுக்காகவே ஒரு விதி இருந்தும், கை நீளவில்லை. 2012 நவம்பர் 7 அன்று பக்கத்து மாவட்டமான தருமபுரியில் நாயக்கன்கொட்டாய் சேரிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. அங்கே பதற்றம் ஒரே நாளில் முளைக்கவில்லை. ஒரு காதல் திருமணத்தை வைத்து வாரக்கணக்காகப் புகைந்துகொண்டிருந்தது. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் பாதுகாப்பு கேட்டு மனு மேல் மனு கொடுத்தவர். 1997 ஜூன் 30 அன்று அவரையும் சேர்த்து ஆறு பேரைப் பேருந்தை மறித்து வெட்டினார்கள். மூன்றாம் விதி அப்போது இரண்டு வயதுக் குழந்தை. இப்போது அதற்கு வயது 30-க்கும் மேல். அதை ஒருமுறைகூட எழுப்பி நடக்க வைக்காதவர்கள், புதுச் சட்டத்துக்குப் பரிந்துரை தர 2025 அக்டோபரில் நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக அறிவித்திருக்கிறார்கள். தனிச் சட்டம் வரட்டும். நாமே கேட்டதுதான். ஆனால் கையில் இருக்கிற விதியைத் தூங்க விட்டவர்களிடம் புதுச் சட்டத்தைக் கொடுத்தால் அதற்கும் ஒரு பாய் விரிப்பார்கள்.

எனவே எங்கள் மனுவை மாற்றி எழுதினோம். உரிம விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவில்லை. தம்பிக்குத் துப்பாக்கி கிடைக்கும் என்று எங்களில் யாரும் நம்பவில்லை. கிடைத்தால் அவன் வாங்கப் போவதும் இல்லை. மறுப்பதாக இருந்தால் ஏன் என்று அரசு கையெழுத்துப் போட்டு எழுதித் தர வேண்டும், அது எங்களுக்கு வேண்டும். ‘உனக்கு ஆபத்து இல்லை’ என்று எழுதினால், நாளை ஏதாவது நடந்தால் அந்தக் கையெழுத்து பதில் சொல்ல வேண்டும். ‘ஆபத்து உண்டு, ஆனால் துப்பாக்கி தர மாட்டோம்’ என்று எழுதினால், சரி, வேறு என்ன பாதுகாப்புத் தருகிறாய் என்ற கேள்வி அங்கேயே தொடங்குகிறது. 2016 முதல் நடைமுறைக்கு வந்த 15அ பிரிவு பாதிக்கப்பட்டவருக்குப் பாதுகாப்பு தருவதை அரசின் கடமை என்கிறது. வாய்மொழியாகப் ‘பெங்களூர் போய் இருங்க’ என்று சொல்வதற்கு மட்டும் எந்தக் கோப்பிலும் இடம் இல்லை.

அதோடு இரண்டாவது மனு, அந்தப் பெண்ணின் பெயரில். பெரியப்பா பெயரில் உள்ள உரிமத்தை மூன்றாம் விதிப்படி ரத்து செய்து துப்பாக்கியைக் கிடங்கில் வைக்க வேண்டும்.

இதை எழுதுவதே நீங்களும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்கிறது 17ஆம் விதி. உங்கள் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது, மூன்றாம் விதிப்படி எந்தெந்த ஊர்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன, அந்த ஊர்களில் எத்தனை ஆயுத உரிமங்கள் உள்ளன, 1995 முதல் இதுவரை எத்தனை ரத்தாகின, பட்டியல் சாதியினருக்கு எத்தனை வழங்கப்பட்டன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். பெயர் கேட்காதீர்கள், தனிப்பட்ட தகவல் என்று தட்டிக்கழிப்பார்கள். எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். அதைத் தர மறுக்கக் காரணம் கிடைக்காது.

இரண்டாவது மனுவைக் கொடுக்கப் போன அன்று அதே மேசை, அதே மனிதர். படித்துவிட்டு இந்த முறை அவர் சிரிக்கவும் இல்லை, யோசனை சொல்லவும் இல்லை. “இப்படி ஒரு ரூல் இருக்கா?” என்று கேட்டார். விதியை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தோம், கொடுத்தோம். இரண்டு முறை படித்தார். முத்திரை குத்தி, தேதி போட்டு, வரிசை எண் எழுதி ஒப்புகைச் சீட்டைக் கிழித்து அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவர் அதை மடித்துக் கைப்பேசி உறைக்குள் வைத்துக்கொண்டார். தம்பிக்கு இரண்டாம் ஷிப்ட். பேருந்தில் போக வேண்டாம் என்று சொல்லி, வண்டியில் கொண்டுபோய்க் கம்பெனி வாசலில் விட்டு வந்தோம்.